மடங்காத பூட்ஸும் பழகிய காலும்

கரடுமுரடான பாதையில் பைக் ஓட்டும்போது போடும் ஆஃப்ரோடு பூட்ஸைப் புதிதாக மாட்டிக்கொண்டு நடப்பவரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். கணுக்கால் மடங்காது. காலை இடுப்பிலிருந்து தூக்கி வைக்க வேண்டும். மாடிப்படியில் நான் பக்கவாட்டாகத் திரும்பித்தான் இறங்கினேன். ஜோடி சுமார் 4 கிலோ எடை; முழங்காலுக்குக் கீழே வரை பிளாஸ்டிக் தகடு, கணுக்காலில் கீல், அடிப்பாகத்துக்குள் எஃகுப் பட்டை, வெளியே நான்கு பக்கிள்கள். இதைப் போட்டுக்கொண்டு எப்படிக் கியர் மாற்றுவது? ஹிமாலயன் பைக்கில் சில வருடங்கள் இதோடு அலைந்த பிறகு ஒன்று சொல்லலாம். பூட்ஸ் இளகட்டும் என்று காத்திருப்பதில் அதிகப் பயன் இல்லை. பைக்கையும் காலையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்வதுதான் முக்கால்வாசி வேலை.

இளக வேண்டிய இடம் ஒன்றுதான். குதிகாலுக்கு மேலும் புறங்காலிலும் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும் பகுதி, போட்டு நடக்க நடக்கத் தானாக வழிக்கு வரும். மாலை வேளைகளில் வீட்டுக்குள் போட்டு நடந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. எண்ணெய் பூசி மொட்டைமாடி வெயிலில் வை என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தோல் செருப்புக்கு அது பொருந்தலாம். இந்தப் பூட்ஸ்களில் பெரும்பாலானவை செயற்கை இழைத் தோல். எண்ணெயை உறிஞ்சாது, சூட்டில் அடிப்பாகத்துப் பசைதான் விட்டுப்போகும். கணுக்காலின் பக்கத் தகடு எப்போதும் விறைப்பாகவே இருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் அது உள்ளே போகிறது என்றால் அந்தப் பூட்ஸின் ஆயுள் முடிந்தது.

கியர் விஷயம் தனி. சாதாரண ஷூவில் கணுக்காலை மட்டும் அசைத்து லீவரைத் தூக்குகிறோம். இங்கே குதிகாலை ஃபுட்பெக்கிலிருந்து, அதாவது கால் வைக்கும் கட்டையிலிருந்து எடுத்து, மொத்தக் காலையும் உயர்த்த வேண்டும். அதற்கு முன்பே ஒரு தடை: பூட்ஸின் தடித்த முனை லீவருக்கு அடியில் நுழையவே நுழையாது. லீவர் நேரடியாகப் பல் வெட்டிய கியர் தண்டில் (ஷாஃப்ட்) மாட்டியிருந்தால் போல்ட்டைத் தளர்த்தி ஒரு பல் மேலே ஏற்றிப் பொருத்தலாம். இணைப்புக் கம்பி வைத்த பைக்கில் இரு முனை நட்டுகளையும் தளர்த்திக் கம்பியைத் திருக வேண்டும். ஒரு முனையில் மரை எதிர்த்திசையில் இருக்கும், கவனம். ஆனால் இப்படி ஏற்றிவிட்டால் மறுநாள் செருப்போடு கடைக்குப் போகும்போது லீவர் எட்டாது. நான் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

பின் பிரேக்கில் தொந்தரவு இன்னும் நுட்பமானது. பாதத்துக்கு எந்த உணர்வும் வராததால், பெடலை அழுத்திக்கொண்டிருப்பதே தெரியாது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்தடம் ஒன்றில் பின்னால் வந்த நண்பர், "உங்கள் பிரேக் விளக்கு அணையவே இல்லையே, அண்ணா" என்றார். பெடலை இறக்கி வைத்த பிறகுதான் அது தீர்ந்தது. இறக்கினால் பிரேக் விளக்கு ஸ்விட்சையும் சரிபார்க்க வேண்டும்.

போடும் முறையிலும் சூட்சுமம் இருக்கிறது. கீழ்ப் பக்கிளை முதலில் லேசாக மாட்டி, குதிகாலைத் தரையில் ஓங்கித் தட்டி உட்கார வைத்து, முழங்காலைச் சற்று முன்னே மடக்கிய நிலையில் மேல் பக்கிள்களைப் பூட்ட வேண்டும். நின்றபடி இறுக்கினால் வண்டியில் உட்கார்ந்ததும் கெண்டைக்கால் கதறும். முழங்கால் வரை வரும் நீளச் சாக்ஸ் இல்லாமல் போடவே கூடாது.

நம் ஊர் வாழ்க்கைக்கு இது ஒத்துவராத சமயங்களும் உண்டு. வழியில் கோயிலைக் கண்டால் கும்பிடு வெளியிலிருந்துதான். இந்திய பாணிக் கழிப்பறை என்றால், இதோடு குந்தி உட்கார முடியாது. அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

இத்தனை அவஸ்தைக்கும் பதில் ஒரு மெதுவான விழுகையில் கிடைத்தது. பாறை மேட்டில் முன்சக்கரம் சறுக்கி, ஏறத்தாழ 200 கிலோ வண்டி இடது காலின் மேல் சாய்ந்தது. பாதம் கல்லுக்கும் வண்டிக்கும் நடுவில். நண்பர் வந்து தூக்கும்வரை வலிகூட இல்லை. தகட்டில் ஒரு நீளக் கீறல், அவ்வளவுதான். வாங்குபவர்கள் உள்ளே இருக்கும் லேபிளில் ஈஎன் 13634 என்ற ஐரோப்பியத் தர எண்ணைத் தேடுங்கள். அதனுடன் வரும் நான்கு இலக்கங்களும் 1 அல்லது 2 ஆக இருக்கும். கடைசி இலக்கம்தான் பக்கவாட்டு நசுக்கலைத் தாங்கும் திறன். அதில் 2 இருப்பது நல்லது.

இப்போதைய நிலை: உள் ஸ்பாஞ்ச் அமுங்கி, பிடிப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, தடித்த இன்சோல் போட்டுச் சமாளிக்கிறேன். கீல் கிறீச்சிட்டால் சிலிகான் ஸ்பிரே போதும். மழையில் நனைந்தால் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவைக்கிறேன், இல்லையேல் பூஞ்சை பிடித்துவிடும். ஃபுட்பெக்கின் பற்கள் அறுத்து அடி ரப்பர் தேய்ந்துவிட்டது. அடிப்பாகத்தைத் தனியாக மாற்றக்கூடிய வகை என்பதால், ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிட வேண்டும்.