இறங்குவது சுலபம், ஏறுவதுதான் பாடு: பல அடுக்கு ஃப்ளோ சார்ட்டுகளோடு டிரா ஐஓ, ஒய்எட் அனுபவம்

பனியன் கம்பெனிகளுக்கு ஈஆர்பி, அதாவது கம்பெனியின் எல்லா வேலையையும் ஒன்றாகக் கணக்கு வைக்கும் சாஃப்ட்வேர், போட்டுக் கொடுப்பது என் வேலை. சாஃப்ட்வேரில் கை வைப்பதற்கு முன்னால், ஆர்டர் வந்த நாளிலிருந்து கன்டெய்னர் ஏறும் நாள்வரை அந்தக் கம்பெனிக்குள் என்னென்ன நடக்கிறது என்று படம் போட்டாக வேண்டும். திருப்பூரில் இது ஒரே கூரைக்கடியில் முடிகிற விஷயம் இல்லை. நூல் நிட்டிங்குக்குப் போகும். அங்கிருந்து சாயமேறாத கிரே துணியாக டையிங், அப்புறம் காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் பாதி ஜாப் ஒர்க், வெளியே கொடுத்துச் செய்வது. சரக்கு வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு டிசி (டெலிவரி சலான்), திரும்பி வரும்போது எடைக் கணக்கு, குறைந்தால் யார் தலையில் கட்டுவது என்ற பஞ்சாயத்து. அத்தனையையும் ஒரே தாளில் வரைந்தால் கல்யாண வீட்டு சீரியல் லைட்டைச் சுருட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் அடுக்கடுக்காகப் பிரித்துத்தான் வரைய வேண்டும்: மேலே ஒரு மொத்தப் படம், அதில் ஒரு பெட்டியைத் திறந்தால் அதன் உள்விவரம், அதற்குள் இன்னொன்று.

இதற்குச் சில வருஷங்களாக நான் வைத்திருப்பது டிரா ஐஓ, ஒய்எட் என்ற இரண்டு படம் வரையும் மென்பொருள்கள். இரண்டுமே காசில்லாமல் கிடைக்கின்றன. டிரா ஐஓ உலாவியிலேயே ஓடும், தனி டெஸ்க்டாப் செயலியும் உண்டு. 2020-இல் டயக்ராம்ஸ் டாட் நெட் என்று பெயர் மாறியதும் இதேதான். ஒய்எட் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து ஒய்ஒர்க்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு, ஜாவாவில் எழுதப்பட்டது. இலவசம்தான், ஆனால் ஓப்பன் சோர்ஸ் இல்லை. படித்தது எலெக்ட்ரானிக்ஸ் என்பதால் வீட்டில் சர்க்யூட் வரைய கீகேடும் வைத்திருக்கிறேன். பனியன் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் அதை இழுக்காமல் இந்த விஷயத்தைப் பேசி முடிக்க முடியாது.

வரையும் வசதி, ஐகான் அழகு, டெம்ப்ளேட் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. வரைந்து முடித்த பெரிய படத்துக்குள் எப்படி நடமாடுவது என்பதுதான் என் தினசரிப் பிரச்சினை.

கீழே இறங்க எல்லா மென்பொருளும் வழி வைத்திருக்கிறது. பெட்டியைக் க்ளிக் செய்தால் உள்ளே போய்விடலாம். இறங்கின பிறகு எங்கே நிற்கிறோம், வந்த வழியே எப்படி ஏறுவது என்று கேட்டால்தான் சங்கதி தெரியும். மீட்டிங்கில் புரொஜெக்டரில் நான் நாலைந்து பெட்டிக்குள் புகுந்து விளக்கிக்கொண்டிருப்பேன். முதலாளி நிதானமாகக் கேட்பார்: "ஏனுங்க தம்பி, இப்ப நாம எந்த டிபார்ட்மென்ட்டுல நிக்கறோமுங்க?" வரைந்தவனுக்கு வழி மனப்பாடம். பார்க்கிறவருக்குத் திரையில் ஒரு அடையாளமும் இல்லையென்றால் ஐந்தாவது நிமிடத்தில் போனை எடுத்துவிடுவார்.

டிரா ஐஓவில் ஒரு கோப்புக்குள் பல பக்கங்கள் வைக்கலாம், அவை கீழே டேப்களாக வரிசையில் நிற்கும். எந்தப் பெட்டியிலும் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம். அந்த இணைப்பு பக்கத்தின் பெயரைப் பிடிக்காமல் உள்ளே இருக்கும் அடையாள எண்ணைப் பிடித்திருப்பதால், பிறகு பெயரை மாற்றினாலும் அறுந்து போகாது. இது பெரிய நிம்மதி, ஏனென்றால் எங்கள் தொழிலில் செக்‌ஷன் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பக்கத்தை நகலெடுத்தால் நகலுக்குப் புது எண் கிடைக்கும், பழைய இணைப்புகளோ மூலப் பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

பக்கங்களுக்குள் தாய், பிள்ளை என்ற உறவு இங்கே கிடையாது. எல்லா டேப்பும் ஒரே வரிசை. 3.4 என்று நான் எண் போட்ட பக்கம் 3-க்குள் இருப்பது என்று எனக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் ஏறும் வழியை நானே கட்டிக்கொள்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் இடது மேல் மூலையிலும் "0 › 3 துணி › 3.4 டையிங்" என்று ஒரு பட்டை. ஒவ்வொரு துண்டும் தனி எழுத்துப் பெட்டி, ஒவ்வொன்றிலும் அதனதன் பக்கத்துக்கு இணைப்பு. எல்லாப் பக்கத்திலும் அதே இடம், அதே நிறம். புதுப் பக்கம் தொடங்கும்போது முதல் வேலை இதுதான், பெட்டி வரைவதெல்லாம் பிறகு. சலிப்பான வேலை என்றாலும், முதலாளியின் கேள்வி இந்தப் பட்டை வந்த பிறகு நின்றுவிட்டது.

எண் போடுவதும் வெறும் ஒழுங்குக்காக இல்லை. 3.4.2 என்று பார்த்தால் வழி முழுக்க அந்த எண்ணிலேயே இருக்கிறது. டேப்பின் பெயரிலும் எண்ணை முன்னால் போட்டுவிட்டால், டேப் வரிசை சரிந்தாலும் தேடிப் பிடித்துவிடலாம்.

ஒரே பக்கத்துக்குள் பெட்டியைச் சுருக்கி விரிக்கும் வழியும் இரண்டிலும் உண்டு. டெமோவுக்கு அருமை. மைனஸை அழுத்தினால் டையிங் முழுவதும் ஒரு சின்னப் பெட்டியாகிவிடும், ப்ளஸ்ஸை அழுத்தினால் திரும்ப விரியும், பார்க்கிறவர்கள் அசந்து போவார்கள். நாள்பட்ட உபயோகத்தில்தான் சிக்கல். டிரா ஐஓவில் விரிகிற இடத்தை முன்பே காலியாக விட்டு வைக்காவிட்டால், விரியும் பெட்டி பக்கத்துப் பெட்டிகளின் மேல் ஏறிக்கொள்ளும். இடத்தை விட்டு வைத்தால், சுருக்கினதில் என்ன லாபம்? இரண்டு அடுக்குவரை சரி, மூன்றாவது அடுக்கு வந்தால் தனிப் பக்கம் என்பதில் நான் இப்போது பிடிவாதம்.

இந்த விஷயத்தில் ஒய்எட் கெட்டி. அதில் குரூப் என்பது உண்மையிலேயே ஒரு அடுக்கு. உள்ளே இருக்கும் பெட்டியிலிருந்து வெளியே போகும் கோடு, குரூப்பை மூடினதும் மூடிய பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். திறந்தால் பழைய இடத்துக்கே போகும். கட்டிங்கிலிருந்து குறுக்கே ஸ்டோருக்குப் போகும் கோடுகள் எங்களிடம் நிறைய. பக்கம் பக்கமாகப் பிரிக்கும்போது இவற்றை அறுத்து, "4.2-க்குப் போகிறது" என்று துண்டு துண்டாக எழுத வேண்டும். ஒய்எட்டில் அறுக்கவே வேண்டியதில்லை. அதோடு ஓரத்தில் ஸ்ட்ரக்சர் வியூ என்ற பலகம் படத்தின் முழு அடுக்கையும் மரக்கிளை மாதிரி காட்டும். இந்த ஒன்றுக்காகவே சிக்கலான கம்பெனிகளின் முதல் வரைவை ஒய்எட்டில் போடுகிறேன். இன்னொரு பலகம், நெய்பர்ஹுட் வியூ, தேர்ந்தெடுத்த பெட்டியோடு தொடர்புள்ளவற்றை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டும். "இந்த டிசி யார் யாரிடமிருந்து வருகிறது" என்று அக்கவுன்ட்ஸில் கேட்டால் பெரிய படத்தை உருட்ட வேண்டாம், அதைப் பார்த்தாலே போதும்.

ஒய்எட்டின் ஆட்டோ லேஅவுட் பேர் போனது. ஒரு பட்டனில் குப்பையெல்லாம் அடுக்கி வைத்துவிடும். ஆனால் பழகிய படத்தில் அதை அழுத்தாதீர்கள். மனிதர்கள் படத்தை இடத்தை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், பேக்கிங் என்றால் வலது கீழ் மூலை. லேஅவுட் அதை இடது பக்கம் தூக்கிப் போட்டால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். ஹையரார்க்கிகல் லேஅவுட்டில், தேர்ந்தெடுத்த பெட்டிகளை மட்டும் ஏற்கெனவே உள்ள அடுக்குக்குள் செருகும் தேர்வு உண்டு. பின்னால் சேர்க்கும் பெட்டிகளுக்கு நான் தொடுவது அதை மட்டும்தான்.

இனி கீகேட். டிசி போடுவது என்பது நிட்டிங், டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நடக்கும் வேலை. ஒரே படத்தை நாலு இடத்திலிருந்து கூப்பிட வேண்டும். ஒய்எட்டில் ஒரு பெட்டி ஒரு குரூப்புக்குள் மட்டுமே இருக்க முடியும், ஆக நாலு நகல். டிரா ஐஓவில் நாலு இடத்திலிருந்தும் ஒரே பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம், ஆனால் அங்கிருந்து ஏறும் பட்டையில் என்ன எழுதுவது? டையிங்கிலிருந்து வந்தவரை நிட்டிங்குக்கு அனுப்ப முடியாது. கீகேடில் இது தீர்ந்து போன பிரச்சினை. ஒரே ஷீட்டை, அதாவது உள்படத்தை, பல இடத்தில் வைக்கலாம், அடுக்குகளை மரக்கிளை மாதிரி காட்டும் ஹையரார்க்கி நேவிகேட்டரில் ஒவ்வொரு இடமும் தனித்தனிக் கிளையாக நிற்கும், மேலே ஏறினால் இறங்கிய கிளைக்கே போவோம். சர்க்யூட்காரர்களுக்கு ஒரே ஆம்ப்ளிஃபயரை எட்டு முறை போடும் தேவை இருப்பதால் அவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். ஃப்ளோ சார்ட் உலகத்துக்கும் அதே தேவை உண்டு. டிரா ஐஓவில் நான் செய்வது, அந்தப் பொதுப் பக்கத்தின் மேலே "பயன்படும் இடங்கள்" என்று நாலு இணைப்புகளை வரிசையாக வைத்து விடுவது. சுமாரான தீர்வுதான்.

கீகேடிடம் இன்னொன்றும் பொறாமைப்பட இருக்கிறது. டேட்டா ஃப்ளோ டயக்ராம் (தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படம்) போட்டவர்களுக்கு அந்தப் பழைய விதி தெரியும்: மேல் படத்தில் ஒரு பெட்டிக்குள் என்னென்ன அம்புகள் போய் வருகின்றனவோ, அதன் உள்படத்திலும் அவையே போய் வர வேண்டும். எங்கள் 3.4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருவது கிரே துணி, அப்ரூவ் ஆன லேப் டிப் (சாய நிறத்தின் மாதிரித் துண்டு), டிசி. வெளியே போவது சாயமேறிய துணி, எடைக் குறைவுக் கணக்கு. ஷேட் சரியில்லாமல் துணி ரீபிராசஸுக்குத் திரும்பிப் போகிறது என்று யாராவது உள்படத்தில் புதிதாக ஒரு அம்பு சேர்த்தால், மேல் படத்துக்கு அது தெரியவே தெரியாது. கீகேடாக இருந்தால், ஷீட்டுக்குள் இருக்கும் லேபிளுக்கு வெளியே, மேல் படத்தில், ஜோடி பின் (இணைப்பு முனை) இல்லை என்று ஈஆர்சி என்ற பிழைச் சோதனை காட்டிக் கொடுத்துவிடும். டிரா ஐஓவிலும் ஒய்எட்டிலும் இப்படி ஒரு சோதனை இல்லை. பென்சிலும் பிரிண்டும் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்பதுதான்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. டிரா ஐஓ, ஒய்எட் இரண்டிலும் முழுப் படத்தையும் காட்டும் ஒரு குட்டி ஓவர்வியூ ஜன்னல் உண்டு. பெரிய படத்தில் அது சாம்பல் நிறப் பொட்டாகத்தான் தெரியும். டிபார்ட்மென்ட் வாரியாகப் பின்னணியில் பெரிய நிறக் கட்டங்கள் போட்டுவிட்டால் உபயோகப்படும்: பச்சை நிட்டிங், நீலம் டையிங் என்று கண் தானாகப் பிடித்துக்கொள்ளும். மவுஸ் சக்கரம் ஒய்எட்டில் ஜூம் செய்யும், டிரா ஐஓவில் நகர்த்தும், ஜூமுக்குக் கன்ட்ரோலை அழுத்த வேண்டும். இரண்டுக்கும் மாறி மாறிப் போகிறவர்கள் வலது பட்டனை அழுத்தி இழுத்து நகர்த்தப் பழகுங்கள், அது இரண்டிலும் ஒன்றுபோல வேலை செய்கிறது. டிரா ஐஓவில் கன்ட்ரோல்+எஃப் அடித்து எல்லாப் பக்கங்களையும் சேர்த்துத் தேடலாம், தமிழிலும் தேடும். ஆனால் ஒரு பக்கத்தில் சாயப்பட்டறை, இன்னொன்றில் டையிங் யூனிட் என்று எழுதி வைத்திருந்தால் தேடல் என்ன செய்யும், பாவம்.

ஒரே பக்கத்தின் மேல் கண்ணாடித் தாள் மாதிரி வைக்கும் லேயர்களை, உள்ளே இறங்கும் அடுக்குக்குப் பதிலாகப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறு வேலைக்கானது. ஒரே பக்கத்தில் சரக்கு ஒரு லேயர், காகிதம் ஒரு லேயர், பணம் ஒரு லேயர் என்று வைத்து, ஒரு பட்டனில் மறைத்துக் காட்டும்படி டிரா ஐஓவில் இணைப்பு அமைக்கலாம். ஆடிட்டர் வந்தால் பணத்தை மட்டும் காட்டுவேன், ஸ்டோர்கீப்பருக்குச் சரக்கு மட்டும்.

முன்பு ஒரு கிளையன்ட் ஆபீஸில் வாங்கிக் கொடுத்த கட்டணச் செயலி ஒன்றில் இறங்கும் வழி, ஏறும் வழி இரண்டும் அழகாக இருந்தன. சந்தா முடிந்தது, படங்கள் பூட்டிக்கொண்டன. டிரா ஐஓ எக்ஸ்எம்எல்லிலும் ஒய்எட் கிராஃப்எம்எல்லிலும் சேமிப்பதை அதற்குப் பிறகு தனியாக மதிக்கிறேன்.

ஒரு பக்கத்துக்கு எத்தனை பெட்டி என்பது கடைசிவரை ஓயாத வழக்கு. அமெரிக்க அரசு 1993-இல் தரநிலையாக வெளியிட்ட ஐடெஃப்0 என்ற படம் வரையும் முறையில் 3-லிருந்து 6 வரை என்று விதி. ஜாப் ஒர்க் ஊருக்கு 6 போதாது. நான் 8 வரை விடுகிறேன். அதற்கு மேல் போனால் ஏ3 பிரிண்டில் எழுத்து சிறுத்துப்போய், செக்கிங் டேபிளிலிருந்து "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று போன் வந்துவிடும்.