வாத்துக்கால் இலை, பெரணி இலை, மும்மடியம்: விசித்திர மரபு கஞ்சா விதைகளில் எது காசுக்கு ஏற்றது?

வீட்டில் கஞ்சா வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில், வழக்கமில்லாத உருவம் கொண்ட செடிகளின் விதைகளுக்கென்று தனிச் சந்தையே உருவாகிவிட்டது. டக்ஸ்ஃபுட் எனும் வாத்துக்கால் இலை ரகம், பெரணி போன்ற இலை கொண்ட ஃப்ரீக்‌ஷோ, மூன்று குரோமோசோம் தொகுதி கொண்ட மும்மடிய விதைகள், கணுவுக்கு மூன்று இலை விடும் மூவிலைச் செடியின் விதைகள், வெள்ளை வரி விழுந்த செடியின் விதைகள் என ஐந்து வகை அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன. முதல் மூன்றுக்குப் பணம் கொடுக்கலாம், அதுவும் கேட்க வேண்டியதைக் கேட்ட பிறகு. கடைசி இரண்டும் வேண்டாம். பையின் மேல் அச்சிட்ட விசித்திரம் அந்த விதைகளுக்குள் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

டக்ஸ்ஃபுட்டிலிருந்து தொடங்கலாம். சாதாரண கஞ்சா இலையில் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள் விரல்போலப் பிரிந்து நிற்கும். இதில் அவை அடியிலிருந்து பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டு, வாத்தின் சவ்வுக்கால் மாதிரி இருக்கும். இது ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். சாதாரண இலைச் செடியோடு கலந்தால் முதல் தலைமுறை முழுக்க சாதாரண இலையோடுதான் வரும். அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்றுக்குத்தான் சவ்வு இலை திரும்பும். வாங்குபவர் ஏமாறும் இடம் இதுதான். "டக்ஸ்ஃபுட் கலப்பு" என்று எழுதி இரண்டாம் தலைமுறை விதைகளை விற்கிறார்கள். அதில் 3 விதை போட்டால் ஒன்றுகூடச் சவ்வு இலையோடு வராமல் போக 42 சதவீத வாய்ப்பு. 10 விதை போட்டாலும் சுமார் 6 சதவீதம். பெண் விதையாக மாற்றப்படாத சாதாரண விதை என்றால் பாதி ஆண் செடி. அப்போது சவ்வு இலையோடு ஒரு பெண் செடி கிடைப்பது எட்டில் ஒன்று. 95 சதவீத உறுதி வேண்டுமானால் 23 விதை முளைக்க வைக்க வேண்டும். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் ஒருவருக்கு 3 செடிதான். கனடாவின் கூட்டாட்சிச் சட்டம் 2018 அக்டோபர் முதல் ஒரு வீட்டுக்கு 4 செடிக்கே இடம் தருகிறது. அந்த வரம்புக்குள் 23 விதைக் கணக்கு நடக்கிற காரியமில்லை.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: தாய், தந்தை இரண்டுமே சவ்வு இலை கொண்டவையா? ஆம் என்றால் எல்லா விதையும் சவ்வு இலையோடு வர வேண்டும். அப்படியானால் 3 விதைப் பையே போதும். பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதீர்கள்.

முளைத்த உடனே தீர்ப்புச் சொல்ல முடியாது. வித்திலைக்குப் பின் வரும் முதல் ஜோடி இலை எந்தக் கஞ்சாச் செடியிலும் பெரும்பாலும் ஒற்றைச் சிற்றிலைதான், அடுத்த ஜோடி மூன்று. சவ்வு இருக்கிறதா என்று பார்க்கவே விரல்கள் தேவை. நான்காவது, ஐந்தாவது கணுவரை பொறுத்திருங்கள். செடி வளர்ந்தபின் தொல்லை வேறு விதம். அகன்ற இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை மறிக்கும், பூக்கும் காலத்தில் உள்ளே ஈரம் தங்கிச் சாம்பல் நோயும் பூ அழுகலும் வரும். கீழ்ப்பகுதியில் வெளிச்சம் விழாத இலைகளைக் கிள்ளிவிட்டு, மின்விசிறி ஓட வைத்து, ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள்.

கலிபோர்னியாவில் உருவான ஃப்ரீக்‌ஷோ இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு சிற்றிலையும் மேலும் கிழிந்து, தொட்டிப் பெரணிபோல இருக்கும். அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் இலைப் பரப்பு குறைவு என்பதால் நாற்று மெதுவாகத்தான் தேறும். மெலிவைப் பார்த்து உரத்தைக் கூட்டினால் நுனி கருகும். பாதி அளவு உரமும் பூக்குமுன் கூடுதலாக இரண்டு வாரம் இலைப்பருவமும் கொடுப்பதே சரி. ஒரே செடியில் கனத்த அறுவடை வேண்டுபவர்களுக்கு இது வேண்டாம்.

மும்மடியம் கண்ணுக்குத் தெரியாத விசித்திரம். கஞ்சாவின் சாதாரணக் குரோமோசோம் எண்ணிக்கை 20. கோல்ச்சிசின் எனும் வேதிப்பொருள் கொண்டு 40 ஆக்கிய செடியைச் சாதாரணச் செடியோடு கலந்தால் 30 குரோமோசோம் கொண்ட விதை கிடைக்கும். மூன்று தொகுதிகள் சமமாகப் பிரிய முடியாததால், பக்கத்தில் ஆண் செடி இருந்தாலும் பூவில் விதை பிடிப்பது மிகக் குறைவு. அடியோடு நிற்காது, ஒன்றிரண்டு விழும். வெளியில் வளர்ப்பவர்களுக்கு இது உண்மையான பயன். அதைத் தாண்டி "இரட்டை விளைச்சல்" என்றெல்லாம் எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

தண்டில் வரி, இலையில் சுருக்கம் என்று பார்த்து மும்மடியம் என முடிவு கட்டுவதும் தவறு. வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. முதிர்ந்த இலையின் அடிப்புறத்தில், நரம்புகளுக்கு நடுவே, நிறமில்லாத நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி 10 நிமிடம் காயவிடுங்கள். ஒளி ஊடுருவும் டேப்பால் உரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 400 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். காப்புச் செல்கள் இரண்டும் உதடுபோல அணைத்த இலைத்துளைகள் தெளிவாகத் தெரியும். 30 துளைகளின் நீளத்தை அளந்து சராசரி எடுங்கள். அதே உயரத்திலுள்ள சாதாரணச் செடியின் இலையிலும் அளந்து ஒப்பிடுங்கள். குரோமோசோம் தொகுதி கூடக்கூடத் துளை பெரிதாகும், எண்ணிக்கை குறையும். மும்மடியத்தில் வித்தியாசம் சிறியது என்பதால் இது ஒரு குறிப்பு மட்டுமே. உறுதிக்கு ஆய்வகத்தில், செல்லிலுள்ள டிஎன்ஏ அளவை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை வேண்டும். அந்த அறிக்கையைக் காட்டும் விற்பனையாளரே நம்பத் தகுந்தவர்.

மூவிலை விதைக்கு ஏன் காசு கொடுக்கக் கூடாது? கணுவுக்கு மூன்று இலை வருவது பெரும்பாலும் கருவில் நேர்ந்த தற்செயல். உச்சியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் இரண்டிரண்டாகத் திரும்பிவிடுவதே வழக்கம், பிள்ளை விதைகளுக்கும் அது அரிதாகத்தான் போகும். தண்டு பட்டையாகத் தட்டையாவதும் அப்படியே. நுனி அடிபட்டாலும் பாக்டீரியா தாக்கினாலும் வரும்.

வெள்ளை வரி இன்னும் மோசம். ஒரே செடியில் பச்சைத் திசுவும் வெள்ளைத் திசுவும் கலந்திருப்பதுதான் பெரும்பாலான வரி. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் பெரும்பாலும் தாய் வழியே போவதால், அதில் கோளாறு உள்ள வெள்ளைப் பகுதியில் விளைந்த விதை முழு வெள்ளை நாற்றாக முளைத்து, வித்திலையின் சேமிப்பு தீர்ந்ததும் மடியும். பச்சைப் பகுதியில் விளைந்தது வெறும் பச்சைச் செடி. வரி வேண்டுமானால், வரி ஓடும் கணுவை மொட்டோடு வெட்டி வேர்பிடிக்க வைத்த குச்சிதான் வழி.

எந்தப் பை வாங்கினாலும், விசித்திரம் விதையிலிருந்து வந்ததா, நோயிலிருந்தா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். குட்டையாகி, தண்டு மளுக்கென்று ஒடிந்தால் ஹாப் லேட்டன்ட் வைராய்டு எனும் நோய்க்கிருமியைச் சந்தேகியுங்கள். பிசிஆர் சோதனைக்கு வேர் மாதிரி அனுப்புவது நல்லது. புது இலை மட்டும் முறுக்கினால் 60 மடங்கு லென்ஸில் பிராட் மைட் எனும் நுண்ணிய சிலந்திப்பேனைத் தேடுங்கள். பெரணி இலை போலவே தோன்றும் முறுக்கு, களைக்கொல்லி கலந்த மட்கு உரத்தாலும் வரும். அதே மண்ணில் ஆறு பீன்ஸ் விதை போட்டு மூன்று வாரம் பாருங்கள். அவற்றின் இலையும் கிண்ணம்போலக் குவிந்தால் விதைக்காரர் மேல் பழி இல்லை, மண்ணை மாற்றுங்கள்.