மினி, இம்ப், ஆங்கிலியா: வீட்டுக் கொட்டகையில் எது கைக்கு அடங்கும்?

பிரிட்டனில் 1966-க்கு முந்தைய சலூன் கார்களுக்கென நடக்கும் கிளப் பந்தயங்களில், சிறிய எஞ்சின் பிரிவில் இறங்க விரும்புகிறவர் முன் பெரும்பாலும் மூன்று கார்கள் வந்து நிற்கின்றன. மினியும் ஃபோர்டு ஆங்கிலியா 105இ-யும் 1959-இல் வெளிவந்தவை. ஹில்மன் இம்ப் 1963-இல் ஸ்காட்லாந்தின் லின்வுட் ஆலையில் பிறந்தது. வேகத்தில் மூன்றுமே சோடை போனதில்லை. பிரிட்டிஷ் சலூன் கார் பட்டத்தை 1962-இல் ஜான் லவ் மினி கூப்பரிலும், 1966-இல் ஜான் ஃபிட்ஸ்பாட்ரிக் பிராட்ஸ்பீட் அணியின் ஆங்கிலியாவிலும் வென்றார்கள். 1970 முதல் 1972 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பில் மக்கவர்ன், ஜார்ஜ் பெவன் தயாரித்த சன்பீம் இம்ப்பில் (ஹில்மன் இம்ப்பின் சன்பீம் பெயர் தாங்கிய வடிவம்) வென்றார். ஆகவே எது வேகமானது என்று ஆராய்வதில் பெரிய பயன் இல்லை. சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றும் நல்ல அரங்கள் சிலவும் மட்டுமே வைத்திருப்பவருக்கு எந்தக் கார் உழைப்புக்கு ஏற்ற பலன் தரும், கை தவறினால் எது எவ்வளவு செலவு வைக்கும் என்பதையே இங்கே ஒப்பிடுகிறேன்.

மினியின் ஏ-சீரிஸ் எஞ்சினில் வேலையெல்லாம் சிலிண்டர்களை மேலிருந்து மூடும் சிலிண்டர் ஹெட்டில்தான் தொடங்குகிறது. நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று நுழைய இரண்டே வழிகள்; புகை வெளியேற மூன்று. 1-3-4-2 என்ற எரிப்பு வரிசையில் இரண்டாவது சிலிண்டர் மூச்சிழுத்த கையோடு, அதே வழியில் முதல் சிலிண்டரும் இழுக்கிறது. மறுபக்கம் மூன்றும் நான்கும் அப்படியே. அடுத்தடுத்து இரண்டு இழுப்பு, பிறகு நீண்ட ஓய்வு. பின்னால் இழுப்பது முன்னதன் பங்கில் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது. வால்வுகள் நெடுநேரம் திறந்திருக்கும் பந்தய கேம்ஷாஃப்ட்டைப் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டால் இந்தப் பிடுங்கல் இன்னும் கூடும். எனவே வழியை வெறுமனே பெரிதாக்குவதால் பயன் குறைவு. இரண்டு சிலிண்டர்களுக்கும் காற்று பிரியும் இடத்தையும் வால்வுக்குக் கீழுள்ள கழுத்தையும் பொறுமையாகச் சீர்செய்வதில்தான் குதிரைத்திறன் ஒளிந்திருக்கிறது. இதைக் கையில் பிடிக்கும் கிரைண்டரால் ஒருவர் வீட்டிலேயே செய்ய முடியும். ஆங்கிலியாவின் ஹெட்டில் இந்தச் சிக்கலே கிடையாது, ஏனெனில் எட்டு வால்வுக்கும் தனித்தனியாக எட்டு வழிகள் உண்டு. மேலும் 80.96 மி.மீ. விட்டத்துக்கு 48.41 மி.மீ. மட்டுமே பிஸ்டன் ஓட்டம் என்பதால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டை மூன்றே பேரிங்குகள் தாங்கினாலும் அந்த 997 சிசி எஞ்சின் உயர்ந்த சுற்றுகளுக்கு மனமுவந்து ஏறுகிறது.

இம்ப்பின் 875 சிசி எஞ்சின் மூன்றிலும் உயர்ந்த பிறவி. தீயணைப்பு பம்புக்காக வடிவமைக்கப்பட்ட கவென்ட்ரி கிளைமாக்ஸ் எஞ்சினின் வழிவந்தது, முழுதும் அலுமினியம், கேம்ஷாஃப்ட் தலைமேல், காரின் பின்பக்கம் 45 பாகை சாய்ந்து படுத்திருக்கிறது. அது பாடும் சுருதியைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. ஆனால் வீட்டுப் பட்டறையில் அதனிடம் மிகுந்த மரியாதை காட்ட வேண்டும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட் போல்ட்டை முறுக்கினால் அலுமினியத்தில் மரை பிய்ந்துவிடும். ஒருமுறை தண்ணீர் வற்றிக் கொதித்தால் ஹெட் கோணிவிடும். பின்னால் இருக்கும் ரேடியேட்டரை முன்பக்கம் கொண்டுபோய், காருக்கு அடியில் குழாய்களை ஓட்டுவதைப் பந்தயக்காரர்கள் முதல் வேலையாக வைத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். வால்வு இடைவெளி (வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு நடுவே விடும் நுண்ணிய இடைவெளி) வைப்பதைப் பார்த்தாலே மூன்று கார்களின் குணமும் விளங்கிவிடும். மினியிலும் ஆங்கிலியாவிலும் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து, வால்வை அழுத்தும் ராக்கரின் திருகைத் திருப்பிச் சரிசெய்து கால் மணியில் கை கழுவிவிடலாம். இம்ப்பில் ஒவ்வொரு இடைவெளியையும் அளந்து குறித்துக்கொண்டு, கேம்ஷாஃப்ட்டைக் கழற்றி, டாப்பெட்டுக்கு (கேம்ஷாஃப்ட் அழுத்தும் கிண்ணம்) அடியிலுள்ள வில்லையை மைக்ரோமீட்டரில் அளந்து, வேண்டிய கனத்தில் வேறொன்றை வைத்து, மீண்டும் பூட்டி, மீண்டும் அளக்க வேண்டும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போய்விடும்.

சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை மினி தரும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. தொடக்க மினிகளில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்பும், அதை அழுத்தும் டிரம்பெட் என்ற உலோகத் துண்டும்தான் உண்டு. அந்தத் துண்டில் 1 மி.மீ. குறைந்தால் சக்கரத்தில் முன்பக்கம் ஏறத்தாழ 3 மி.மீ., பின்பக்கம் ஏறத்தாழ 5 மி.மீ. இறங்கும். முன்னவற்றில் 5 மி.மீ., பின்னவற்றில் 3 மி.மீ. லேத்தில் சீவினால் கார் முன்னும் பின்னும் ஒரே அளவாக, ஏறத்தாழ 15 மி.மீ. தாழ்ந்து நிற்கும். காசு செலவில்லாத வேலை. ஆனால் கூடுதலாகச் சீவியதை மீண்டும் ஒட்டவைக்க முடியாது என்பதால், வேண்டியதைவிடக் குறைவாகச் சீவிவிட்டு, காரை உருட்டிப் பார்த்த பிறகு மீண்டும் சீவுவதே நல்லது. இம்ப்பின் முன்சக்கரங்கள் ஆலையிலிருந்து வரும்போதே மேல்பக்கம் வெளிநோக்கிச் சாய்ந்திருக்கின்றன. தாங்கிகளை மாற்றி முன்கைகளின் சுழல்மையத்தைக் கீழே இறக்கினால் அந்தச் சாய்வு உள்நோக்கித் திரும்பி, வளைவில் பிடிப்பு கூடும். பின்பக்க அமைப்பை அதிகம் தொடத் தேவையில்லை, ஆனால் அச்சுகளில் உள்ள ரப்பர் இணைப்புகளில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் பார்த்தே ஆக வேண்டும். ஆங்கிலியாவில் முன்பக்கம் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), பின்பக்கம் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் மேல் முழு அச்சு. வேகமெடுக்கும்போது அச்சு துள்ளுவதை அடக்க, வெல்டிங் தெரிந்தவர் இரண்டு இழுகம்பிகளைப் பொருத்தினால் போதும். ஸ்ட்ரட்டின் தலை தாங்கும் தகடு துரு தின்றிருந்தால் மட்டும் அந்தக் காரை வாங்கவே கூடாது.

மினியிடம் எனக்குள்ள பெரிய குறை அதன் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில், ஒரே எண்ணெயில் குளிப்பதுதான். கியர்ப் பல்லில் உதிரும் துகள் பேரிங்குக்குப் போகும் அபாயம் எப்போதும் உண்டு. நீண்ட வளைவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கும்போது உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கும் என்பதால், அந்தக் குழாயை எண்ணெய்த் தொட்டியான சம்ப்பின் நடுவுக்கு மாற்றாமல் பந்தயத்துக்குப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இறுதிக் கியர் விகிதத்தை மாற்றவும் எஞ்சினை வெளியே தூக்க வேண்டும். ஆங்கிலியாவில் அரையச்சுகளை இழுத்து, பின்னச்சின் முன்முகத்திலுள்ள நட்டுகளைக் கழற்றினால் அந்த விகிதத்தைத் தரும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல் முழுதாகக் கையில் வந்துவிடும். சில்வர்ஸ்டோன் தடத்துக்கு ஒன்று, வளைவுகள் நெருங்கிய பிராண்ட்ஸ் ஹாட்ச் இண்டி தடத்துக்கு ஒன்று என்று இரண்டு டிஃபரன்ஷியல்களை அலமாரியில் வைத்துக்கொண்டு, வெள்ளி மாலையில் ஒரே ஆள் மாற்றிவிடலாம்.

உதிரிபாகம் கிடைப்பதில் மினியை எதுவும் நெருங்க முடியாது. நட்டு முதல் முழு உடல்கூடு வரை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். அருகில் அனுபவமுள்ள மினிக்காரர்கள் இருந்தால் அதையே எடுக்கலாம். தனியாக வேலை செய்து, தன் தவறுகளைத் தானே திருத்திக் கற்க விரும்புகிறவருக்கு நான் ஆங்கிலியாவைத்தான் சொல்வேன். இம்ப்பை இரண்டாவது காராக, மைக்ரோமீட்டர் கைக்குப் பழகிய பிறகு வாங்கலாம்.