கழிவுநீர்ச் சேற்றில் ஒளிரும் புரோப்: நெடுநாள் பயன்பாட்டின் பின்

திருகோணமலையில் உள்ள எங்கள் சிறிய ஆய்வுகூடத்தில், ஒளிரும் புரோப் கொண்டு பற்றீரியாவை அடையாளம் காணும் ஃபிஷ் (FISH) முறையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். நிலாவெளி, உப்புவெளிக் கரையோர ஹோட்டல்களின் சுத்திகரிப்புத் தொட்டிச் சேறுதான் பெரும்பாலும் எங்களிடம் வருகிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொட்டியில் எந்தப் பற்றீரியா இருக்கிறது என்பதைக் கண்முன் காட்டுவதில் இதற்கு நிகராக நான் வேறொன்றைக் கண்டதில்லை. அந்தப் பற்றீரியா வேலை செய்கிறதா என்று கேட்டால் இதனிடம் பதில் இல்லை.

ஒரு பற்றீரியாக் கூட்டத்துக்கே உரிய ரைபோசோம் ஆர்.என்.ஏ. பகுதியோடு பொருந்தும் சிறு டி.என்.ஏ. துண்டுதான் புரோப். அதில் சாயம் ஒட்டியிருக்கும். கலத்தில் ரைபோசோம்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் கலம் முழுவதும் ஒளிர்கிறது. சேற்றுப் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை வளர்ப்பூடகத்தில் வளர்வதே இல்லை. அமோனியாவிலிருந்து உண்டாகும் நைத்திரைற்றை ஒட்சியேற்றுவது, ஊடகத்தில் வளரக்கூடிய நைத்திரோபக்டர் என்ற பற்றீரியா என்று நெடுங்காலம் நம்பியதற்கும் அதுவே காரணம். புரோப் இட்டுப் பார்த்தபோது பெரும்பாலான தொட்டிகளில் நைத்திரோஸ்பைரா என்ற வேறொரு பற்றீரியாவே நிறைந்திருந்தது.

ஒரு ஹோட்டல் தொட்டியில் அமோனியா குறையவேயில்லை. பற்றீரியா செத்துவிட்டது, புதுச் சேறு கொண்டுவந்து கொட்டலாம் என்றார்கள். என்எஸ்ஓ1225 புரோப் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். அமோனியாவை ஒட்சியேற்றும் பற்றீரியாக்கள் மீன்சினை போல நெருங்கித் திரண்டு, செம்மஞ்சளாக ஒளிர்ந்தன. இவை பட்டினி கிடந்தாலும் ரைபோசோமை எளிதில் இழப்பதில்லை என்பதால் அந்த ஒளியை வைத்து அவை இயங்குவதாகச் சொல்ல முடியாது. ஆனால் தொட்டியில் இருக்கின்றன என்பது உறுதி. ஆகவே அவற்றுக்கு ஒட்சிசன் கிடைக்கிறதா என்று காற்றூட்டலைச் சோதித்தோம். அடியிலிருந்த காற்றுத் துளைகள் அடைபட்டிருந்தன. புதுச் சேற்றுக்குச் செலவிடவிருந்த பணம் மிஞ்சியது.

இந்த ஊர் வெயிலில் மாதிரியை அப்படியே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரக் கூடாது. தொட்டியருகிலேயே பராபோர்மல்டிஹைட்டில் நிலைப்படுத்திப் பனிக்கட்டியில் வைத்துவிடுங்கள். பிறகு கழுவி, பாதிக்குப் பாதி எதனோல் கலந்து -20 பாகையில் வைத்தால் மாதங்கள் தாங்கும். அந்தக் கலவை உறைவதில்லை. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளிலும் எங்கள் மாதிரிகள் கெடவில்லை.

மின்வெட்டு உண்மையில் வதைப்பது அடுத்த கட்டத்தில்தான். புரோப் பிணைவது 46 பாகையில், கழுவுவது 48இல். இடையில் அடுப்பு குளிர்ந்தால் புரோப் கண்டதிலும் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சிலைடை எறிந்துவிட வேண்டியதுதான். சிறிய யுபிஎஸ் ஒன்று அவசியம். புரோப் பிணையும் கரைசலில் சேர்க்கும் போர்மமைட் நச்சு என்பதால் புகைபோக்கிப் பெட்டி இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், குறிப்பாகக் கர்ப்பிணிகள்.

சாயத்தில் என் தெரிவு செம்மஞ்சளாக ஒளிரும் சை3. சேறு தானாகவே பச்சை மஞ்சளாக மினுங்குவதால் புளோரெசினின் பச்சையைப் பிரித்தறியக் கண் வலிக்கும். நுரை பொங்கும் தொட்டிகளில் வரும் கோர்டோனியா போன்ற தடித்த சுவருள்ள இழைகளுக்குள் புரோப் இலகுவில் நுழையாது. நொதியத்தால் சுவரை முதலில் தளர்த்த வேண்டும். எங்களுக்கு அது இன்னமும் ஒரே சீராக அமைவதில்லை.

புரோப் விலை அதிகம்தான். ஆனால் உலர் நிலையில் வாங்கி, கரைத்து, சிறு குழாய்களில் பிரித்து இருட்டில் உறைய வைத்தால் ஆண்டுக்கணக்கில் வரும். புதிதாகத் தொடங்குவோர் ஏறத்தாழ எல்லாப் பற்றீரியாவிலும் ஒட்டும் பொதுவான இயூபி338 கலவை, எதிலும் ஒட்டாததால் பொய் ஒளியைக் காட்டிக்கொடுக்கும் நொன்இயூபி, என்எஸ்ஓ1225 ஆகிய மூன்றோடு தொடங்கலாம். பணம் போதாவிட்டால் மூன்றாவதைத் தள்ளிப்போடுங்கள், நொன்இயூபியை அல்ல.