அயன் ராண்ட் நாவல்கள் திரையில்: எந்தப் படம் தேறுகிறது?

அரசுக் கட்டுப்பாட்டை எதிர்க்கும் நாவலைப் படமாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. நாவலில் இன்று ஒரு சட்டம் வரும். அதன் விளைவு நூறு பக்கம் தள்ளி எங்கோ ஒரு ஆலை மூடப்படுவதாகவோ, ரயில் வராமல் போவதாகவோ தெரியவரும். படத்துக்கு அந்த நூறு பக்க அவகாசம் கிடையாது. சட்டத்தைக் காட்டுவதா, அது யாருடைய வீட்டுக்குள் நுழைகிறது என்பதைக் காட்டுவதா என்று இயக்குநர் முடிவு செய்தாக வேண்டும். ரஷ்யாவில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் அயன் ராண்டின் மூன்று நாவல்கள் திரைக்கு வந்திருப்பதால், இதை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு.

பலரும் முதலில் தேடுவது 'அட்லஸ் ஷ்ரக்ட்'. 1957-இல் வெளியான, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவல். 2011, 2012, 2014 என மூன்று பாகங்களாக வந்தது; சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 5 மணி நேரம். தயாரிப்பாளர் ஜான் அக்லியலோரோ உரிமையை வாங்கியது 1992-இல். அந்த உரிமை காலாவதியாகும் தறுவாயில், 2010 ஜூனில்தான் படப்பிடிப்பு தொடங்கியது; முதல் பாகம் சுமார் ஐந்து வாரத்தில் எடுக்கப்பட்டது. அந்த அவசரம் திரையில் தெரிகிறது. ஏறக்குறைய 2 கோடி டாலர் செலவான அந்தப் பாகம் திரையரங்குகளில் 50 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. அடுத்த இரண்டும் அதைவிடக் குறைவாகவே வசூலித்தன.

மூன்று பாகங்களிலும் நடிகர்கள் மாறுகிறார்கள். ரயில் நிறுவனத்தை நடத்தும் டாக்னியாக முதலில் டெய்லர் ஷில்லிங், பிறகு சமந்தா மதிஸ், கடைசியில் லாரா ரீகன். புதிய உலோகத்தை உருவாக்கும் எஃகு முதலாளி ரியர்டனுக்கும் மூன்று முகங்கள். அரசுக் கட்டுப்பாடு தாங்காமல் திறமைசாலிகள் ஒவ்வொருவராக வாழ்நாள் உழைப்பை விட்டு விலகுவது எவ்வளவு வலிக்கிறது என்பதுதான் இந்தக் கதையின் உயிர். அந்த வலி ஒரே முகத்தில் சேர்ந்துகொண்டே வந்திருக்க வேண்டும். பாகத்துக்குப் பாகம் முகம் மாறினால் சேர்ந்ததெல்லாம் போய்விடுகிறது.

மூன்றில் முதல் பாகம் தேவலாம். எரிபொருள் தட்டுப்பாட்டால் அமெரிக்கா மறுபடி ரயிலை நம்ப வேண்டியதாயிற்று என்று சொல்லி, கதையை 2016-க்குக் கொண்டுவந்தது நல்ல யோசனை. புதிய உலோகத் தண்டவாளத்தில் முதல் ரயில் ஓடும் காட்சியில் பேச்சு குறைவு, வேகம் அதிகம். நாவலின் உற்சாகம் அந்தச் சில நிமிடங்களில் முழுதாகக் கிடைக்கிறது. மற்ற நேரமெல்லாம் விருந்து, கூட்டம், தொலைக்காட்சிச் செய்தி. புதுச் சட்டம் வந்ததைச் செய்தி வாசிப்பவர் சொல்லித்தான் அறிகிறோம்.

இரண்டாம் பாகத்தில் இந்தக் குறை பெரிதாகிறது. அதன் மையம் '10-289' என்ற அரசாணை: யாரும் வேலையை விடக்கூடாது, நிறுவனத்தை மூடக்கூடாது, காப்புரிமைகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும், கூலியும் விலையும் அப்படியே உறைய வேண்டும். நாவல் இதன் விளைவை ஒரு சுரங்கப்பாதை அத்தியாயத்தில் காட்டுகிறது. டீசல் இன்ஜின் பழுதாகிறது. மாற்று இன்ஜின் இல்லை. 8 மைல் சுரங்கத்துக்குள் நிலக்கரி இன்ஜினை அனுப்பினால் புகையில் எல்லோரும் மூச்சுத் திணறிச் சாவார்கள் என்பது ரயில்காரர்களுக்குத் தெரியும். வண்டியில் இருக்கும் அரசியல்வாதியோ போயே தீர வேண்டும் என்கிறார். மேலதிகாரி உத்தரவைத் தெளிவாக எழுதாமல் கீழே தள்ளுகிறார், அவர் இன்னொருவரிடம் தள்ளுகிறார், கடைசியில் பொறுப்பு வந்து விழுவது ஒரு சின்னப் பையன் தலையில். கட்டுப்பாடு மனிதர்களை எப்படிக் கெடுக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன பகுதி அந்த நாவலிலேயே வேறு இல்லை. படத்தில் அந்தச் சங்கிலி சுருங்கி, ரயில்கள் மோதும் காட்சி மட்டும் மனதில் நிற்கிறது. எனக்கு இதுதான் மூன்று பாகங்களிலும் பெரிய இழப்பு.

மூன்றாம் பாகத்தைத் தவிர்த்துவிடலாம். நாவலில் நாயகன் ஜான் கால்ட் ஏறத்தாழ 60 பக்கம் நிகழ்த்தும் வானொலி உரையைச் சில நிமிடங்களாக்கியது சரியான வெட்டு. ஆனால் நாடு சரிவதைப் பின்னணிக் குரல் சொல்லக் கேட்க வேண்டியிருக்கிறது.

1949-இல் வந்த 'தி ஃபவுண்டன்ஹெட்' வேறு தரம். கிங் விடோர் இயக்கம், யாருக்காகவும் தன் வடிவமைப்பை மாற்றாத கட்டடக்கலைஞனாக கேரி கூப்பர், திரைக்கதை ராண்டே எழுதியது. கதாசிரியரே எழுதினால் வசனம் கூடும் என்ற பயம் இங்கே பாதி உண்மை: நீதிமன்ற உரை சுமார் 6 நிமிடம், கூப்பர் அதை ஒப்பிப்பது போலச் சொல்கிறார். ஈடுகட்டுவது விடோரின் கண். உயரமான ஜன்னல்கள், வெறுமையான அலுவலகங்கள், மின்தூக்கியில் மேலே மேலே போகும் கடைசிக் காட்சி. பத்திரிகை முதலாளி வைனண்ட் படத்தில் தன்னைச் சுட்டுக்கொள்கிறார். நாவலில் உயிரோடு தோற்று நிற்கிறார். நாவல் தரும் தண்டனைதான் கொடியது. அரசுக் கட்டுப்பாடு இதில் ஓரமாகத்தான் வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டு பாருங்கள்.

மிகச் சிறந்தது, ஆசிரியரின் அனுமதியே இல்லாமல் எடுக்கப்பட்ட படம். புரட்சிக்குப் பிந்தைய சோவியத் ரஷ்யாவில் நடக்கும், 1936-இல் வந்த 'வீ தி லிவிங்' நாவலை 1942-இல் இத்தாலியில் கோஃப்ரெடோ அலெஸ்ஸாண்ட்ரினி 'நோய் வீவி', 'அட்டியோ கீரா' என இரு படங்களாக எடுத்தார். போர்க்காலம் என்பதால் பெட்ரோகிராடை ரோமின் ஸ்டுடியோவுக்குள்ளேயே எழுப்பினார்கள். கம்யூனிச எதிர்ப்பு என்று நம்பி அனுமதித்த பாசிச அரசு, மக்கள் அதில் தங்கள் ஆட்சியையே பார்க்கிறார்கள் என்று புரிந்ததும் படத்தைத் திரும்பப் பெற்றது.

இங்கே யாரும் சட்டம் வாசிப்பதில்லை. ரேஷன் அட்டை, வரிசை, பங்கு போட்டுக் கொடுக்கப்பட்ட ஒற்றை அறை, பிறந்த வர்க்கத்துக்காகக் கல்லூரியிலிருந்து வெளியேற்றம். காதலனுக்குக் காசநோய், சிகிச்சைக்கு இடம் வாங்க நாயகி கீரா என்ன விலை கொடுக்கிறாள் என்பதுதான் கதை. கீராவாக நடித்த அலிடா வல்லியின் முகத்தில் அந்த விலை தெரிகிறது. எதிர்த்தரப்பில் நிற்கும் கம்யூனிஸ்ட் ஆந்த்ரேயையும் ஃபோஸ்கோ ஜாக்கெட்டி கண்ணியமான மனிதராக நடித்திருக்கிறார். 'அட்லஸ்' படங்களின் பொம்மை வில்லன்களுக்கு இல்லாத கனம் அவருக்கு உண்டு.

பார்க்கும்போது, 1960-களில் கண்டெடுத்த பிரதிகளிலிருந்து ஒரே படமாகத் தொகுத்து 1986-இல் வெளியான வடிவத்தைத் தேடுங்கள். ஏறக்குறைய 3 மணி நேரம், இத்தாலிய ஒலி, ஆங்கில வசன வரிகள். அதன் பிறகு 'ஃபவுண்டன்ஹெட்'. 'அட்லஸ்' வேண்டுமென்றால் முதல் பாகத்தோடு நிறுத்திக்கொண்டு, சுரங்கப்பாதை அத்தியாயத்தை நாவலில் படித்துவிடுங்கள்.