‘வலி’யை வேதனையாக்கிய மொழிபெயர்ப்பு: பிரிட்டன் உதவி எண்கள், பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மகளைக் கட்டிக்கொடுத்து லண்டனுக்கு அனுப்பப்போகிற கூத்தாநல்லூர் உம்மா ஒருவர் கேட்டிருக்கிறார்: "அங்க ஏதாச்சும் ஒண்ணுன்னா நம்ம பாஷையில பேச ஆள் கிடைக்குமா?"

கிடைக்கும். குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான 0808 2000 247 என்ற தேசிய எண் 24 மணி நேரமும் இலவசம். 2015இல் தொடங்கிய முஸ்லிம் விமன்ஸ் நெட்வொர்க் யு.கே. உதவி எண், மார்க்கமும் குடும்ப வழக்கமும் தெரிந்து பேசுவதற்கென்றே இருக்கிறது. தேசிய எண்ணில், எடுத்ததும் "டமில், லேடி இன்டர்ப்ரெட்டர்" (தமிழ் பேசும் பெண் மொழிபெயர்ப்பாளர்) என்று கேட்க வேண்டும். "லேடி" என்பதை விட்டுவிட்டால் ஆண் குரல் வரலாம், நம் பெண்கள் அதோடு வாயை மூடிவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் இணைந்ததும் அவருடைய அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குரலோ பேச்சோ தெரிந்தவர் போலப் பட்டால் காரணம் சொல்லாமல் வேறு ஆள் கேட்கலாம். பேசி முடித்ததும் போனின் அழைப்புப் பட்டியலை அழித்துவிட்டு, வாட்ஸ்அப் அமைப்புகளில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தையும் பார்க்கணும். வீட்டு லேப்டாப்பில் அது திறந்திருந்தால் எல்லாமே கணவர் கண்ணில் படும்.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கோபமெல்லாம் அந்தத் தமிழின் மேல்தான். இது எந்த ஒரு அமைப்பின் குறையும் அல்ல. மொழிபெயர்ப்பு வெளி ஏஜென்சிகளுக்குப் போகிற எல்லா இடத்திலும் இதேதான். வருகிறவர் நல்ல தமிழ் பேசுவார், ஆனால் நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வீடுகளின் தமிழ் அவருக்குத் தெரியாது. "என் வலி ஊர்ல இருக்காங்க" என்றால் நிக்காஹ்வுக்குப் பொறுப்பான வாப்பாவோ நானாவோ (அப்பாவோ அண்ணனோ) ஊரில் இருக்கிறார் என்று பொருள். ஆங்கிலத்தில் அது உடம்பு வேதனையாகிப் போகிறது. "ராத்தா வீட்டுல இருக்கேன்" என்று அக்கா வீட்டைச் சொன்னால், ராதா என்ற தோழி வீடு என்று பதிவாகிறது. "அவரு சபர்ல இருக்காரு" என்று பயணத்தைச் சொன்னால், அதை ஸபுர், அதாவது பொறுமை, என்று கேட்டு "கணவர் பொறுமையானவர்" என்று போய்விடுகிறது.

இவற்றைத் திருத்திவிடலாம். பொறுக்க முடியாதது இன்னொன்று. "எனக்கு இஷ்டமில்லாம குளிப்பு கடமையாக்குறாரு" என்று ஒரு பெண் சொல்வது எவ்வளவு பெரிய வாக்கியம்! தாம்பத்திய உறவுக்குப் பிறகு மார்க்கப்படி கட்டாயமாகும் குளியல்தான் குளிப்பு கடமை; கணவர் கட்டாயப்படுத்தி உறவு கொள்கிறார் என்பதைத்தான் அவள் சொல்கிறாள். அதற்கு மேல் வெளிப்படையாக அவளுக்குச் சொல்ல வராது. அது "குளிக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்" என்று போனால், எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மனைவியானாலும் சம்மதமின்றி உறவு கொள்வது இங்கிலாந்தில் குற்றம் என்று 1991இலேயே தீர்ப்பாகிவிட்டது. அந்தப் பாதுகாப்பு முழுவதும் ஒரு சொல்லில் நழுவிப் போகிறது.

அடுத்தது தலாக். கோபத்தில் மூன்று தடவை சொன்னதையோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதையோ இந்தியாவின் 2019 சட்டம் செல்லாது என்கிறது. பிரிட்டனில் இருந்துகொண்டு வாயால் சொன்னாலும் அந்நாட்டுச் சட்டப்படி மணமுறிவு ஆகாது. ஆனால் மொழிபெயர்ப்பு "டிவோர்ஸ் ஆகிவிட்டது" என்று முடித்துவிடும். கணவன் விசாவில் வந்த பெண் கொடுமையால் பிரிந்தால் 3 மாத இடைக்கால அனுமதியும் அரசு உதவியும் கேட்கும் வழி உண்டு. அங்கே எடைபோடப்படுவது கொடுமையால் உறவு முறிந்ததா என்பதுதான். கோப்பில் வெறும் டிவோர்ஸ் என்று இருந்தால் அந்தக் காரணமே காணாமல் போகிறது. "தலாக் சொன்னார், கோர்ட்டில் எதுவும் ஆகவில்லை" என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். அந்த அனுமதி கிடைத்ததும் பழைய விசா போய்விடும். கணவர் வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ இருப்பவரானால், 3 மாதம் முடிந்தபின் அந்த வழியில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்குப் போக முடியாது. குடிவரவு ஆலோசகரிடம் பேசாமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

நியாயமாகச் சொன்னால், மொழியைத் தாண்டியபின் கிடைக்கும் கவனிப்பு நம் ஊரில் நான் பார்க்காதது. அடைக்கல இல்லத்தில் ஹலால் சமையலுக்குத் தனிச் சட்டி, நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்குச் சமையலறைச் சாவி, பெண் டாக்டர். முக்காட்டைப் பார்த்து யாரும் பரிதாபப்படுவதில்லை. இத்தாவில் (மணமுறிவுக்கோ கணவர் மறைவுக்கோ பிறகு பெண் காத்திருக்கும் காலம்) இருப்பவரைக் கட்டாயப்படுத்தி வெளியே அழைக்காமல் போனிலேயே சந்திப்பை வைத்துக்கொண்ட பணியாளர்களும் உண்டு. மனசு நிறைந்துவிடும்.

ஆனாலும் இந்த உதவி எண்களுக்கு இன்றைக்குக் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன்.

எண்ணை "தையல் அக்கா" என்று சேமித்துக் கொடுங்கள். தப்தர் (பள்ளிவாசல் திருமணப் பதிவேடு) நகலோடு, தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்த திருமணச் சான்றையும் மகள் கையில் கொடுத்து, போனில் ஒரு படமும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வலி, ராத்தா, சபர், இத்தா, தலாக் ஆகிய சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் எழுதிய ஒரு துண்டுத்தாள் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கட்டும். குளிப்பு கடமையை மட்டும் தாளில் எழுதி விட்டுவிட வேண்டாம். விமானம் ஏறுமுன் உம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து, அதைச் சுற்றிவளைக்காமல் வாய்விட்டுச் சொல்ல மகளைப் பழக்க வேண்டும்.