மாடி நிழலுக்கு 2,10,000 ரூபாய் கொடுத்து, படுக்கையறைக்குள் மழையை வாங்கினேன்

நேற்று இரவு ஒன்றரை மணிக்குக் கட்டிலை நகர்த்தினோம். மின்விசிறிக்கு ஒரு முழம் தள்ளி, கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கீழே இரண்டு பேசின், ஒரு பழைய வாளி. இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மொட்டை மாடிக்கு லூவர் பெர்கோலா (திறந்து மூடும் பட்டைகள் உள்ள, தூணில் நிற்கும் நிழற்கூரை) போடுவதா, ஆனிங் (சுவரில் மாட்டிச் சுருட்டி விரிக்கும் துணிக்கூரை) போடுவதா என்று யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். எதை எங்கே போடலாம் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

வீடு சென்னை கொட்டிவாக்கத்தில், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில். அப்பாவுக்கு 76 வயது. நான்கு மணி ஆனால் மாடிக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் அவருக்கு. அக்னி நட்சத்திரத்தில் அந்த நேரத்துக்கும் தட்டோட்டில் கால் வைக்க முடியாது. 12 அடிக்கு 10 அடி நிழல் இருந்தால் போதும். நான் நினைத்திருந்தது ஆனிங்தான். சுவரில் பொருத்திவிட்டால், வெயிலில் துணியை விரித்துக்கொள்ளலாம், காற்றடித்தால் சுருட்டிவிடலாம். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் தேடியபோது, 'சரிபார்க்கப்பட்டவர்' என்ற பச்சைக் குறியோடு நிழற்கூரை போடும் கடை ஒன்று வந்தது.

கடைக்காரரே நேரில் வந்தார். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு, கொதிக்கிற மாடியில் வெறுங்காலோடு நின்றார். டேப்பை விரிப்பதற்கு முன்பே மாடிப்படி அறையின் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது நாலரை அங்குலச் சுவர். ஆனிங்கின் இரண்டு கைகளும் இதில்தான் தொங்கும். கடற்காற்று ஒரு தூக்குத் தூக்கினால் செங்கல்லோடு போல்ட் பெயர்ந்து வரும். 78,000 வாங்கிக்கொண்டு மாட்டிவிட்டுப் போவது எனக்கு ஒரு நாள் வேலை. ஆனால் ஐயா அதற்குக் கீழே உட்காரப் போகிறார். மனசு கேட்கவில்லை."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. பிறகு எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரும் அதையே சொன்னார். உண்மையைச் சொல்லித்தான் அந்த ஆள் என்னை விழவைத்தார். கைக்கு வந்த வியாபாரத்தை வேண்டாம் என்கிறவர் ஏமாற்றவா போகிறார் என்று நினைத்தேன். அப்பா மோர் கொண்டுவரச் சொன்னார். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார், அந்த மகராசன்.

ஆனிங்கை மறுத்துவிட்டு அவர் காட்டியது லூவர் பெர்கோலா. நான்கு தூண், மேலே சட்டம், அதில் திரும்பும் அலுமினியப் பட்டைகள். ரிமோட்டை அழுத்தினால் பட்டைகள் திறந்து காற்று வரும், மூடினால் மழை தாங்கும். பட்டைகளில் விழும் நீர் ஓரச் சட்டத்துக் கால்வாயில் சேர்ந்து, உள்ளீடற்ற தூண் வழியாக இறங்கி வெளியேறிவிடும். கைப்பேசியில் காணொளியும் காட்டினார். சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும் என்பதால் என் பிரச்சினை அத்தோடு தீர்ந்ததாகத் தோன்றியது. விலை 2,10,000 ரூபாய்.

"செயலி வழியாகக் கட்டினால் அவர்கள் கமிஷன் எடுப்பார்கள் அக்கா. நேரடியாகக் கொடுங்கள், அதைக் கழித்துத்தான் இந்த விலை." கொடுத்தேன். முதலில் 25,000, பொருள் எடுக்க இரண்டு நாளாகப் பிரித்து 1,25,000, பொருள் வந்திறங்கிய அன்று 60,000. எல்லாம் யுபிஐ. பணம் போனது ஏதோ ஒரு பெண்ணின் பெயரில் உள்ள கணக்குக்கு. 'வீட்டுக்காரி கணக்கு' என்றார். ரசீது கேட்டதற்கு, வேலை முடிந்ததும் மொத்தமாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். 2,10,000 ரூபாய்க்கு என் கையில் இருப்பது கொட்டேஷன் எழுதிய ஒற்றைத் தாள்.

மூன்று வாரம் என்றது ஒன்பது வாரம் ஆனது. நான் அலுவலகத்தில் இருந்த நாளாகப் பார்த்து வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். முதல் நாள் மாலை அப்பா குழந்தையைப் போல ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பட்டைகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் மோட்டார் முனகி நின்றது. இரண்டாம் மாதம் தூண்களின் அடியில் தட்டோடு மீது பழுப்புக் கோடு. சந்தேகப்பட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துப்போய் வைத்தேன். தூணில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது பள்ளிப் பாடம். பட்டைகள் மட்டும் அலுமினியம், தூணும் சட்டமும் பெயின்ட் அடித்த இரும்பு. கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். 'மெட்டல் ஃபிரேம்' என்றுதான் இருந்தது. நான்தான் அலுமினியம் என்று படித்திருக்கிறேன்.

துரு போகட்டும் என்று விட்டிருப்பேன். நேற்றைய மழையில்தான் முழு விவரம் தெரிந்தது. தூணுக்குள் இறங்கும் நீர் வெளியேற அடியில் துளையே போடவில்லை. தூணை நிறுத்த, தட்டோட்டையும் அதன் கீழே உள்ள சுருக்கித் தளத்தையும் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடுவது) தாண்டி கான்கிரீட் வரைக்கும் துளைத்திருக்கிறார்கள். அந்தத் துளைகளை அடைக்கவும் இல்லை. தூணில் தேங்கிய நீர் அடித்தகடு வழியாக, போல்ட் துளை வழியாக, நேரே எங்கள் படுக்கைக்கு. மழைநீர் சேகரிப்பு கட்டாயமான ஊர்தான், அதற்காக மெத்தையிலா?

மோட்டார் நின்றதிலிருந்தே தொடங்கிய சாக்குகள் ஒரு கட்டு. மெக்கானிக் கோயம்புத்தூர் போயிருக்கிறார். உதிரிபாகம் துறைமுகத்தில் நிற்கிறது. மாமியார் தவறிவிட்டார் (அந்த வாரம் நானே ஆறுதல் சொன்னேன்). காட்சியகத்துக்குப் போனால், 'சார் சைட்டில் இருக்கிறார்' என்று ஒரு பெண் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். இன்று காலை கூரையைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை. அரை மணி கழித்து ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' வந்தது, எல்லோருக்கும் அனுப்புவது போலிருக்கிறது.

செயலிக்காரர்கள் இன்னும் மேல். "பணம் எங்கள் வழியாக வரவில்லை, மேடம்" என்று மூன்று பேர் மூன்று முறை சொன்னார்கள். பிறகு, என் குறை தீர்க்கப்பட்டுவிட்டதாகவும், சேவைக்கு நட்சத்திரம் தரும்படியும் குறுஞ்செய்தி. அந்தப் பச்சைக் குறி அப்படியே இருக்கிறது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. ஆனிங் என்றால் சுவரின் கனத்தை முதலில் பாருங்கள், காற்றில் விரித்து விடாதீர்கள். பெர்கோலா என்றால் காந்தத்தோடு போங்கள். தூண் நீர் எங்கே வெளியேறும், போல்ட் துளையை எதைக்கொண்டு அடைப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். அலுமினியம் என்ற சொல் தாளில் இருக்கட்டும். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு கடைசித் தவணை கொடுங்கள். ரசீது இல்லாமல், அதுவும் வேறொருவர் கணக்குக்கு, ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். யுபிஐ விவரம், கொட்டேஷன் தாள், தூணில் காந்தம் ஒட்டியிருக்கும் படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். 2,10,000 ரூபாய், அதற்கு மேல் தளத்தைச் சரிசெய்யும் செலவு.

அப்பா அந்த நாலரை அங்குலச் சுவரின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பெர்கோலாவுக்குக் கீழே போகமாட்டேன் என்கிறார்.